பிராக் நகரை இருவராக நிதானமாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

செக் குடியரசின் தலைநகரான பிராக்குக்கு முதன்முறையாகச் செல்லும் தம்பதியரில் பலர், காலையில் பழைய நகரச் சதுக்கத்தில் தொடங்கி, சார்லஸ் பாலத்தைக் கடந்து, உச்சிப்பொழுதில் கோட்டைக் குன்றின் மீது ஏறுகிறார்கள். மேலே போய்ச் சேர்வதற்குள் கால்கள் ஓய்ந்து, இருவருக்கும் இடையே பேச்சும் குறைந்துவிடுகிறது. அதே வழியைத் தலைகீழாக மாற்றி, குன்றின் உச்சியில் தொடங்கி ஆற்றை நோக்கி இறங்கி வந்தால், நாள் முழுவதும் நடந்தாலும் களைப்புத் தெரியாது. இந்த வழிமுறை அப்படித்தான் அமைந்துள்ளது.

முந்தைய நாள்: பணமும் காலணியும்

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே புழங்குவது யூரோ அன்று, கொருனாதான். ஏடிஎம் இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் மறுத்துவிட்டு, கொருனாவிலேயே எடுங்கள். இல்லையென்றால் மாற்று விகிதத்தில் கணிசமாக இழப்பீர்கள். நாணய மாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால், ரசீதுடன் 3 மணி நேரத்துக்குள் திரும்பிச் சென்று அந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்யலாம். 1,000 யூரோ மதிப்பு வரையிலான தொகைக்கு 2019 முதல் சட்டமே இந்த உரிமையைத் தருகிறது. தெருக்கள் பெரும்பாலும் கருங்கல் பாவியவை என்பதால், படத்தில் அழகாகத் தெரியும் காலணியை விட நன்றாகப் பழகிய காலணியே நல்லது.

படி 1: டிராமில் ஏறுங்கள்

22-ஆம் எண் டிராமில் கோட்டை நிறுத்தத்தையும் தாண்டிச் சென்று, பொஹொர்ஜெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறியவுடன் மஞ்சள் நிறப் பெட்டியில் செருகி நேர முத்திரை பெற வேண்டும். முத்திரையில்லாத சீட்டு சீட்டே இல்லாததற்குச் சமம், பரிசோதகர் அபராதம் விதிப்பார். அங்கிருந்து சில நிமிட நடையில், 1143-இல் நிறுவப்பட்ட ஸ்திராஹொவ் மடாலயம் இருக்கிறது. அதன் தோட்டத்து விளிம்பில் நின்றால் செங்கூரைகளும் கோபுரங்களும் வல்தாவா ஆறுமாக, அன்று நீங்கள் நடக்கவிருக்கும் வழி ஏறக்குறைய முழுவதும் கண்முன் விரியும். இங்கே அவசரப்படாதீர்கள்.

படி 2: கோட்டையில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

பிராக் கோட்டை ஒரே கட்டடம் அன்று. அரண்மனைகளும் தேவாலயங்களும் சிறு தெருக்களும் சேர்ந்த வளாகம். எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று புறப்பட்டால் நாள் அங்கேயே தீர்ந்துவிடும். என் பரிந்துரை புனித வீட்டஸ் பேராலயம். 1344-இல் தொடங்கிய அதன் கட்டுமானம், போர்களாலும் பணத்தட்டுப்பாட்டாலும் தடைபட்டுத் தடைபட்டு, 1929-இல்தான் நிறைவடைந்தது. உள்ளே இடப்புறம் மூன்றாவது சிற்றாலயத்தில் ஓவியர் அல்போன்ஸ் மூகா வடிவமைத்த சாளரத்தைத் தேடிப் பாருங்கள். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் இணைக்கும் வழக்கமான முறையை விட்டு, கண்ணாடியின் மீதே வண்ணம் தீட்டப்பட்ட சாளரம் அது. நடுவில் சிவப்பு ஆடையில் இருக்கும் சிறுவன்தான் பிற்காலத்தில் நாட்டின் காவல் புனிதராகப் போற்றப்பட்ட வென்செஸ்லாஸ். அருகில் இருப்பவர் அவனுடைய பாட்டி லுட்மிலா. ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால், பார்வையாளர்களை நண்பகலுக்குப் பிறகே அனுமதிக்கிறார்கள்.

படி 3: நெருடோவா தெருவில் இறங்குங்கள்

நாளின் மிக இனிமையான பகுதி இது என்பேன். 1770-இல் வீட்டு எண்கள் வருவதற்கு முன், இங்குள்ள வீடுகளை வாசலுக்கு மேலிருந்த சின்னங்களைக் கொண்டே அடையாளம் கண்டார்கள். மேலிருந்து இறங்கும்போது 47-ஆம் எண் வீட்டில் இரண்டு சூரியன்களைக் காணலாம். எழுத்தாளர் யான் நெருடா வாழ்ந்த வீடு அது, தெருவின் பெயரும் அவருடையதே. இன்னும் கீழே 12-ஆம் எண்ணில் மூன்று வயலின்கள் இருக்கின்றன. வயலின் செய்யும் குடும்பத்தினர் அங்கே வாழ்ந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சிவப்பும் நீலமுமாக இரண்டு எண் பலகைகள் இருக்கும். தெருவின் வரிசை எண் நீலப் பலகையில் உள்ளது. ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் பார்த்துக்கொண்டு, கண்ட சின்னத்தை மற்றவருக்குக் காட்டியபடி இறங்குங்கள்.

மதிய உணவை இந்தச் சரிவின் அடிவாரத்தில் வைத்துக்கொள்ளலாம். சைவ உணவு உண்பவர்களுக்கு, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டியும், பழம் பொதிந்து வேகவைத்த இனிப்புக் கொழுக்கட்டையும் கிடைக்கும். உருளைக்கிழங்கு சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் கேட்ட பிறகே வாங்குங்கள். கேட்காமல் மேசைக்கு வரும் ரொட்டிக்கும் கட்டணம் இருக்கலாம்.

படி 4: தோட்டத்தில் உட்காருங்கள்

உண்ட களைப்புக்கு வாலன்ஸ்டைன் தோட்டம் ஏற்ற இடம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும், கட்டணம் கிடையாது, மயில்கள் உலாவும். தோட்டத்தின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் குகைப்பாறை வழிந்து உறைந்ததைப் போலச் செயற்கையாகச் செய்யப்பட்டது. சற்று நேரம் உற்றுப் பார்த்தால் அதில் முகங்களும் விலங்குகளும் தென்படத் தொடங்கும். யாருக்கு எது தெரிகிறது என்று பேசிக்கொண்டே ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடலாம்.

படி 5: மாலையில் பாலத்தைக் கடங்கள்

முன்பிருந்த பாலத்தை 1342-ஆம் ஆண்டின் வெள்ளம் சிதைத்த பிறகு, நான்காம் சார்லஸ் மன்னர் 1357-இல் அடிக்கல் நாட்டியது இந்தச் சார்லஸ் பாலம். நீளம் 516 மீட்டர். இருபுறமும் 30 சிலைத் தொகுதிகள். பழைய நகரத்தை நோக்கி நடக்கையில், நடுப்பகுதியில் இடக்கைப் பக்கம் நெபொமுக் யோவானின் வெண்கலச் சிலை வரும். 1393-இல் அப்போதைய மன்னரின் ஆணைப்படி ஆற்றில் வீசப்பட்ட பாதிரியார் அவர். 1683-இல் நிறுவப்பட்ட இச்சிலைதான் இப்போதுள்ளவற்றில் மிகப் பழையது. பீடத்தின் வெண்கலப் புடைப்புகளில், மக்கள் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடங்கள் மட்டும் பொன்போல் மின்னுகின்றன. ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு 9 மணிக்கு மேலாகும், டிசம்பரிலோ மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். ஆகவே பாலத்துக்கு வரும் நேரத்தைப் பருவத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 6: கடிகாரமும் திரும்பும் வழியும்

பழைய நகர மண்டபத்தின் வானியல் கடிகாரம் 1410-இல் உருவானது. காலை 9 முதல் இரவு 11 வரை, மணிக்கொரு முறை எலும்புக்கூட்டுப் பொம்மை மணியின் கயிற்றை இழுக்க, மேலே இரண்டு சாளரங்களில் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் வரிசையாகத் தோன்றி மறையும். முடிவில் சேவல் கூவும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் சற்று முன்னதாகவே சென்று நின்றுகொள்ளுங்கள். கூட்ட நெரிசலில் பணப்பையை முன்பக்கம் வைத்திருப்பது நல்லது. விடுதிக்குத் திரும்ப, பச்சை நிற ஏ தடத்தின் ஸ்தாரொமெஸ்த்ஸ்கா மெட்ரோ நிலையம் அருகிலேயே இருக்கிறது. நள்ளிரவையொட்டி மெட்ரோ நின்ற பிறகு, 90-களில் எண் கொண்ட இரவு டிராம்கள் விடியும் வரை ஓடும்.