வரி கட்ட முடியாத நேரத்தில் ஐஆர்எஸ்ஸிடம் சொல்லக் கூடாத எண்

போன வாரம் ஒரே நாளில் இரண்டு பேர் அழைத்தார்கள். இருவருக்கும் வேலை போய் நான்கைந்து மாதம் ஆகிறது, இருவருக்கும் அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் பழைய பாக்கி இருக்கிறது, இருவருமே என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அங்கே கூப்பிட்டு, மாதாமாதம் கட்டுவதாக ஒரு தொகையைச் சொல்லி முடித்திருந்தார்கள். "அண்ணா, எவ்வளவு கட்ட முடியும்னு அந்தம்மா கேட்டாங்க, 600னு சொல்லிட்டேன்" என்றார் ஒருவர். அந்த 600 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "கம்மியா சொன்னா ஒத்துக்க மாட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

இன்று வரி விவகாரங்களில் மற்றவர்களுக்காக ஐஆர்எஸ்ஸிடம் பேசுவதுதான் என் தொழில். ஆனால் 2011ல் நானே இதே தவறைச் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பது, யாரோ மிரட்டிப் போன் செய்தால் கிஃப்ட் கார்டு வாங்கிக் கொடுப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் நிவாரணம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அடிப்படை வாழ்க்கைச் செலவு போக உங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை என்று காட்டினால், ஐஆர்எஸ் உங்கள் கணக்கை 'இப்போதைக்கு வசூலிக்க இயலாதது' என்று குறித்து வைக்கும். சிஎன்சி என்று சுருக்கமாகச் சொல்வோம். அந்த நிலையில் இருக்கும்வரை சம்பளத்தையோ வங்கிக் கணக்கையோ பொதுவாகப் பிடிக்க மாட்டார்கள். கடன் அப்படியே இருக்கும். வட்டி தினமும் ஏறும், கட்டாததற்கான அபராதம் மாதம் 0.5% வீதம், மொத்தம் 25% வரை ஏறும். ஆனாலும் அந்த மாத வாடகையைக் கட்டலாம். கஷ்டத்தில் இருப்பவருக்கு அதுதான் வேண்டும்.

## கணக்குப் போடாமல் ஒரு தொகையைச் சொல்வது

எனக்கு இன்றுவரை ஆற்றாமையாக இருப்பது இந்தத் தவறுதான்.

அப்போது நான் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தேன். மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது, வரி பாக்கி 18,000 டாலருக்குப் பக்கத்தில். சமையலறை மேசையில் ஐஆர்எஸ் கடிதத்தின் உறை கிடந்தது. அதன் பின்பக்கத்தில் 450 என்று எழுதி வட்டம் போட்டேன். என் வரவையும் செலவையும் பார்த்து வந்த எண் இல்லை அது, சொல்வதற்கு மரியாதையாக இருந்தது, அவ்வளவுதான். போனில் சொன்னேன், உடனே ஏற்றுக்கொண்டார்கள். கடன் 50,000 டாலருக்குள் இருந்தால் இப்போது போனில்கூடப் பேச வேண்டாம், பெரும்பாலும் வரவு செலவு விவரம் எதுவும் கேட்காமலே இணையத்தில் தவணைத் திட்டம் கிடைத்துவிடுகிறது. இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதால்தான் கட்ட முடியாதவர்களும் போய் அதில் விழுகிறார்கள்.

மூன்று மாதம் கையிலிருந்து கட்டினேன். அப்புறம் இரண்டு மாதம் கிரெடிட் கார்டில். ஆறாவது மாதம் 401கே ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுத்தேன். எடுத்த பணம் அந்த வருட வருமானத்தில் சேர்ந்தது, ஐம்பத்தொன்பதரை வயது ஆகாததால் அதன் மேல் 10% கூடுதல் வரி. அடுத்த ஏப்ரலில் கட்ட முடியாத புது வரி பாக்கி வந்து நின்றது. புது பாக்கி வரக் கூடாது என்பது தவணை ஒப்பந்தத்தின் நிபந்தனை. ஒப்பந்தத்தை ரத்து செய்யப் போகிறோம் என்று சிபி523 கடிதம் வந்தது. பழைய கடனைக் கட்டுவதற்காகச் செய்த காரியமே புதுக் கடனை உண்டாக்கி, தவணைத் திட்டத்தையும் உடைத்தது. ஐஆர்எஸ்ஸே அந்தச் சேமிப்பைப் பறிமுதல் செய்திருந்தால் அந்த 10% கிடையாது, சட்டத்தில் விலக்கு இருக்கிறது. பயந்துபோய் நானாக எடுத்ததால் கட்டினேன். இதைத் தெரிந்துகொண்ட நாள் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கார்டில் கட்டியதற்கும் விலை உண்டு. கஷ்டம் என்று விண்ணப்பிக்கும்போது ஐஆர்எஸ் பார்ப்பது அவசியச் செலவை மட்டும். கார்டுக்குக் கட்டும் மாதத் தொகையைப் பொதுவாக அவசியச் செலவாக ஏற்க மாட்டார்கள். வரிக் கடனைக் கார்டுக் கடனாக மாற்றியவர், உண்மையில் கையில் ஒன்றும் இல்லாதபோதும், காகிதத்தில் மிச்சம் இருப்பவராகத் தெரிவார்.

சரி, என்ன செய்ய வேண்டும்? போனை எடுப்பதற்கு முன், வரவு செலவைக் கேட்கும் ஐஆர்எஸ்ஸின் 433எஃப் படிவத்தை நிரப்புங்கள். அந்த 600 சொன்ன தம்பியோடு அன்று மாலை உட்கார்ந்து நிரப்பினோம். மனைவியின் சம்பளமாகக் கைக்கு வருவது மாதம் 4,100. வாடகையும் மின்சாரமும் 2,050, மளிகை, உடை, வீட்டுச் சாமான் 1,150, கார் 520, மருத்துவக் காப்பீடு 430. கூட்டினால் 4,150. மாதம் 50 டாலர் துண்டு விழுகிற வீட்டிலிருந்து 600 கட்டுவதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். காகிதத்தில் கூட்டிப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.

மறுநாள் இருவரும் சேர்ந்து அழைத்தோம். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இப்போது என்னால் எதுவும் கட்ட முடியாது. வரவு செலவுப் படிவம் தயாராக இருக்கிறது. என் கணக்கை சிஎன்சி நிலைக்குப் பரிசீலியுங்கள்." எவ்வளவு கட்ட முடியும் என்று திரும்பக் கேட்பார்கள், அது அவர்கள் வேலை. பூஜ்யம் என்று சொல்ல நாக்கு கூசும். படிவம் அப்படித்தான் சொல்கிறது என்றால் கூசாமல் சொல்லுங்கள்.

## சிக்கனத்தைப் படிவத்தில் காட்டுவது

நம்மவர்கள் இதை நிறையச் செய்கிறார்கள். சாப்பாட்டுச் செலவு கேட்டால், வெளியே சாப்பிடுவதே இல்லை என்று ரொம்பக் குறைத்து எழுதுவார்கள். உணவு, உடை, வீட்டுச் சாமான் வகைகளுக்கு ஐஆர்எஸ் குடும்ப அளவை வைத்து ஒரு தேசிய அளவுகோல் வைத்திருக்கிறது. நீங்கள் உண்மையில் எவ்வளவு செலவழித்தாலும், அந்த அளவுகோல் தொகை முழுவதையும் ரசீது கேட்காமல் ஏற்றுக்கொள்வார்கள். ஐஆர்எஸ் இணையதளத்திலேயே பட்டியல் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு நிரப்புங்கள்.

வாடகையும் காரும் வேறு மாதிரி. அங்கே உண்மைச் செலவு, உங்கள் பகுதிக்கான உச்சவரம்பு, இரண்டில் எது குறைவோ அதுதான். வங்கி அறிக்கையும் வாடகைச் சீட்டும் கேட்டால் காட்ட வேண்டும். சொத்தையும் கேட்பார்கள். வீட்டில் நல்ல மதிப்பு இருந்தால் அதைப் பற்றிப் பேச்சு வரும். எதையும் மறைக்காதீர்கள், கையெழுத்து போடும் இடத்துக்கு மேலே பொய் சொன்னால் தண்டனை என்று எழுதியிருக்கிறது.

## பழைய ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் சிஎன்சி கேட்பது

முதலில் தாக்கல் செய்யுங்கள். பணம் இல்லாவிட்டாலும்.

## சிஎன்சி கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

ரீஃபண்ட் வந்தால் பாக்கியில் கழித்துக்கொள்வார்கள், அதை நம்பிச் செலவு வைத்துக்கொள்ளாதீர்கள். பாக்கி 10,000 டாலருக்கு மேல் என்றால் சொத்தின் மீதான உரிமைக் கோரிக்கையான லீன் பதிவாகலாம், அது சிஎன்சியில் இருந்தாலும் நடக்கும். வருமானம் ஏறினால் அடுத்த ரிட்டர்னிலேயே தெரிந்துவிடும், கணக்கு மறுபடி வசூலுக்குத் திறக்கும்.

ஆனால் ஒரு நல்ல விஷயம் பலருக்குத் தெரியாது. வரி கணக்கில் ஏற்றப்பட்ட நாளிலிருந்து வசூலிக்க ஐஆர்எஸ்ஸுக்கு 10 ஆண்டுதான் அவகாசம். சிஎன்சியில் இருக்கும்போதும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கடனைக் குறைத்துத் தீர்க்கக் கேட்கும் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது அது நின்றுவிடும், திவாலா வழக்கிலும் நிற்கும். கொஞ்சமும் தேறாது என்று தெரிந்தும் சும்மா ஒரு விண்ணப்பம் போட்டு வைப்போம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், இதை அவரிடம் கேளுங்கள். பாஸ்போர்ட் பற்றியும் பயம் இருக்கும். பெரிய வரிக் கடன் இருந்தால் பாஸ்போர்ட்டுக்குச் சிக்கல் வரலாம், ஆனால் கஷ்டத்தின் பேரில் சிஎன்சியில் இருக்கும் கடனை அதற்குக் கணக்கில் எடுப்பதில்லை.

## மாநில வரியை மறப்பது

அது வேறு துறை, வேறு போன், வேறு விதி.

## எல்டி11 கடிதத்தையும் மற்றக் கடிதங்களோடு அடுக்கி வைப்பது

நினைவூட்டுக் கடிதங்கள் வரிசையாக வரும், ஒன்று போலவே இருக்கும். எல்டி11 என்றோ லெட்டர் 1058 என்றோ மூலையில் இருந்தால் அது பறிமுதலுக்கு முந்தைய இறுதி அறிவிப்பு, அன்றே நாள்காட்டியில் குறியுங்கள். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் 12153 படிவம் அனுப்பினால் பறிமுதலுக்கு முன் விசாரணை கேட்க முடியும், பொதுவாக அதுவரை கை வைக்க மாட்டார்கள், அந்த விசாரணையிலேயே சிஎன்சியும் கேட்கலாம். இதிலும் 10 ஆண்டுக் கடிகாரம் நிற்கும், ஆனால் சம்பளம் போவதைவிட அது மேல்.

30 நாள் தவறி, வங்கிக் கணக்கை முடக்கியும்விட்டார்களா? அன்றைக்குக் கணக்கில் இருந்த பணத்தை வங்கி 21 நாள் வைத்திருந்துதான் ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பும். அந்த 21 நாளும் உங்களுடையது. வாடகைக்கும் மருந்துக்கும் பணமில்லை என்று காட்டினால், கஷ்டத்தின் பேரில் பறிமுதலை விடுவிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நிரப்பிய 433எஃப், வாடகை ஒப்பந்தம், மூன்று மாத வங்கி அறிக்கை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு காலையிலேயே அழையுங்கள், பேசுகிறவரிடம் ஃபேக்ஸ் எண் கேட்டு, அவர் லைனில் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் 911 படிவம் போட்டு, ஐஆர்எஸ்ஸுக்குள்ளேயே தனியாக இயங்கும் டாக்ஸ்பேயர் அட்வகேட் அலுவலகத்தைப் பிடியுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.