நடுவில் வந்தால் மாறும் ஐன்

என் மகளுக்கு ஆறு வயது. அரபி எழுத்து 28ஐயும் தனித்தனியே கடகடவென்று சொல்வாள். சொல்லுக்குள் சேர்ந்து வந்தால் திணறுவாள். குறிப்பாக ஐன். தனியே நின்றால் வாய் பிளந்த வளைவு, நடுவில் வந்தாலோ சின்ன முடிச்சு. அவள் கண்ணுக்கு அது வேறு எழுத்து.

எழுத்துகள் நகர்ந்து வந்து ஒட்டுவதுபோல பவர்பாயிண்ட்டில் செய்யப் பார்த்தேன். தனித்தனிப் பெட்டியில் போட்டதும் எல்லாம் தனி வடிவத்துக்கே திரும்பிவிட்டன. இரண்டு இரவு இதிலேயே போனது. கைகொடுத்தது தத்வீல் என்ற நீட்டல் கோடு. விண்டோஸ் அரபி விசைப்பலகையில் ஷிஃப்ட்டும் ஜேயும். ஐனுக்கு முன்னும் பின்னும் தட்டினால் நடு வடிவம். பின்னால் மட்டும் தட்டினால் சொல்லின் தொடக்கத்தில் வரும் வடிவம். அலிஃப், தால், ரே, வாவ் உள்ளிட்ட ஆறு எழுத்துகள் அடுத்ததோடு ஒட்டாது, அவற்றுக்குப் பின்னால் வேண்டாம். அரபி சொல்லித்தரும் உஸ்தாதின் குரலையும் பதிந்து சேர்த்தேன்.

முடிச்சைத் தொட்டாள். “அத்தா, இதுவும் ஐன்தானா?”