கிணற்று நீரும் நியோன் மீன்களும்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையிலுள்ள இரண்டடித் தொட்டியில் விட்ட நான்கு நியோன் ரெட்ரா மீன்கள், வந்த நாளிலிருந்தே நிறம் வெளிறி, ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கி நின்றன. இரண்டு வாரங்களுக்குள் இரண்டு இறந்தும் போயின. நோயென்று எண்ணி மருந்து கலந்தது வீண்வேலை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கண்டபோதுதான் காரணம் பிடிபட்டது. சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறிவரும் எங்கள் கிணற்று நீர் கடினமானது. இம்மீன்களோ அமேசன் காட்டு ஓடைகளின் மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள நீருக்கு உரியவை.

ஐப்பசி மழை தொடங்கி, முதற் சில மழைகள் ஓட்டுக் கூரையைக் கழுவிச் சென்ற பின்னர் சேர்த்த நீரை, வாரந்தோறும் தொட்டிநீரில் ஐந்திலொரு பங்கை அகற்றி அதற்கு ஈடாக ஊற்றி வந்தேன். ஒரேயடியாக மாற்றியிருந்தால் எஞ்சிய இரண்டும் தாங்கியிருக்க மாட்டா. கடினத்தன்மை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தபின், மேலும் எட்டு மீன்களை வாங்கி, மூன்று வாரம் வேறொரு தொட்டியில் வைத்துப் பார்த்துச் சேர்த்தேன். கூட்டமாக வாழும் மீனை ஆறுக்குக் குறைவாக வாங்கியது என் கஞ்சத்தனமன்றி வேறில்லை. இப்போது பத்தும் ஒன்றாகத் திரும்புகின்றன. உடனிருந்த கப்பி மீன்களுக்குக் கடின நீரே உகந்தது என்பதால், அவற்றை முற்றத்துச் சீமெந்துத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன்.