பழைய பிக்கப்பைத் தேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட் பக்கம் போனால், இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயும் கீரைக்கட்டும் ஏற்றிக்கொண்டு வரும் பத்து, பதினைந்து வயது பிக்கப்புகளைப் பார்க்கலாம். புது வண்டிக்கு மாதத் தவணை கட்ட முடியாத விவசாயிக்கும் சின்ன வியாபாரிக்கும் அந்தப் பழைய வண்டிதான் பிழைப்பு. அதை வாங்கித் தேற்றி ஓட்டுவது நல்ல முடிவுதான். ஆனால் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எந்த வேலைக்கு முதலில் போடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நானும் தவறினேன்.

அணைக்கட்டுப் பக்கத் தோப்புத் தேங்காயை ஏற்றத்தான் 2008 மாடல் டாடா 207 ஒன்றை வாங்கினேன். வாங்கிய கையோடு டிங்கர் வேலை, பெயின்ட், புது சீட் கவர் என்று செலவு செய்தேன். வண்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் ஏலகிரியிலிருந்து பலாப்பழ லோடு ஏற்றி இறங்கும்போது, பதினான்கு கொண்டை ஊசி வளைவில் பாதியைத் தாண்டிய இடத்தில் பிரேக் பெடல் தரையைத் தொட்டது. முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, மலைச்சுவர் பக்கம் உரசி நிறுத்தினேன். பக்கத்தில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். மறுநாள் வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன், "பெயின்ட்டாப்பா வண்டிய நிறுத்தும்? மொதல்ல பிரேக்க இல்ல பாத்திருக்கணும்" என்றார். அந்தப் பேச்சை மறக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சரி, வாங்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வழியாகப் புகையும் காற்றும் தள்ளுகிறதா, அதாவது பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் இந்த ஊரில் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: இந்த வண்டி இதுவரை என்ன லோடு அடித்தது? ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் தோல் ஊர்கள். பச்சைத்தோலை உப்புப் போட்டுத்தான் கொண்டுபோவார்கள். அந்த உப்புத் தண்ணீர் பாடிப் பலகை இடுக்கு வழியாக இறங்கி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் மேல் பாடி உட்காரும் இடத்தில் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்பேனரால் சேஸிஸை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தையாகக் கேட்கும். மீன், எரு, ஈர மணல் ஏற்றிய வண்டிக்கும் இதே கதைதான்.

அரித்த இடம் இருந்தால் அதன் மேல் பட்டி பூசுவதும், கருப்பு அண்டர்கோட் அடிப்பதும் பெரிய தவறு. துருவைச் சுரண்டி, கழுவி, காய வைத்து, பிரைமர் அடித்த பிறகுதான் மேற்பூச்சு. துருவின் மேலேயே அடித்தால் ஈரமும் உப்பும் உள்ளேயே மாட்டிக்கொண்டு இரும்பை வேகமாகத் தின்னும். இரண்டு மழைக்காலம் கழித்துப் பூச்சு அப்படியே பாளமாக உரிந்து வரும்போதுதான் தெரியும். வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும் இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. அந்த எழுத்து அழிந்துபோனால் எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகும்போது நீங்கள் சொல்லும் எந்தக் காரணமும் எடுபடாது.

பிரேக்குக்கு வருகிறேன். பழைய வண்டி வாங்கியவர்கள், உரசிச் சக்கரத்தை நிறுத்தும் லைனிங்கை மட்டும் மாற்றிவிட்டு பிரேக் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். லைனிங் கண்ணுக்குத் தெரிகிறது, பிரேக் ஆயிலின் நிலை தெரிவதில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். லோடோடு மலை இறங்கும்போது பிரேக் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் காலடியில் காணாமல் போகிறது. எனக்கு ஏலகிரியில் நடந்தது இதுவேதான். முந்தைய உரிமையாளர் எத்தனை வருடமாக அதை மாற்றவில்லையோ, டப்பாவில் இருந்தது டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது.

ஆகவே வண்டி கைக்கு வந்த முதல் வாரமே பழைய ஆயிலை முழுவதும் இறக்கி, புதிது ஊற்றி, நான்கு சக்கரத்துக்கும் போகும் பிரேக் லைனில் மாட்டியிருக்கும் காற்றை வெளியேற்றி ஏர் எடுத்துவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்களையும் ரப்பர் ஹோஸ்களையும் அதே கையோடு பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் குறைந்திருக்கிறது என்று அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலைப் பிரேக் டப்பாவில் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போய் மொத்த அமைப்பையும் மாற்ற வேண்டி வரும். மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது சூடு. மே மாதம் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த வெயிலில் குடியாத்தம் ரோட்டிலோ பேரணாம்பட்டு மலையேற்றத்திலோ போனெட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அப்போது பெரும்பாலும் தரப்படும் ஆலோசனை, "தெர்மோஸ்டாட்ட கழட்டிப் போட்டுடு." இந்த ஆலோசனையைக் கேட்காதீர்கள் என்று கெஞ்சியே சொல்வேன். இன்ஜின் போதுமான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. அதை எடுத்துவிட்டால் காலையிலும் குளிர்காலத்திலும் இன்ஜின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், உள்பாகம் தேயும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழியை மூடும்படி அமைப்பு இருக்கும். அதில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பக்கவழி திறந்தே கிடந்து, சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பிவிடும். சூடு குறைய வேண்டும் என்று செய்த வேலை சூட்டைக் கூட்டும்.

உண்மையான காரணம் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிறது. போர் தண்ணீர் கொதித்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை நம் வீட்டுப் பெண்கள் தினமும் தேய்க்கிறார்கள். அதே உப்பு ரேடியேட்டர் குழாயிலும் இன்ஜின் தண்ணீர்ப் பாதையிலும் படிகிறது. அந்தப் படிவு சூட்டைச் சரியாகக் கடத்தாது. வழியில் சூடானால் பம்புசெட்டில் ஒரு குடம் பிடித்து ஊற்றுவது, மறுபடி சூடாவது என்று ஒவ்வொரு முறையும் உப்பைத்தான் சேர்க்கிறோம். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்யலாம். அலுமினியம், பிளாஸ்டிக் சேர்ந்த வகை என்றால் அந்த வேலை தாங்காது, மாற்றுவதே நல்லது. அப்புறம் கூலன்ட்டையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். அல்லது கலந்தே வரும் கூலன்ட்டை வாங்குங்கள். ரேடியேட்டர் மூடியும் ஒரு பாகம்தான். அது உள்ளே அழுத்தத்தைத் தாங்குவதால்தான் தண்ணீர் நூறு டிகிரியிலும் கொதிக்காமல் நிற்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியை மாற்ற ஆகும் செலவு அற்பம். ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வளையம் உடைந்திருந்தால் "அது எதுக்கு" என்று தூக்கிப் போடாதீர்கள், காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்க வைப்பதே அதுதான். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதைப் பக்கத்தில் ஏறும் பையனுக்கும் சொல்லிவையுங்கள். முகம் வெந்துபோகும்.

லோடு கூட ஏற்ற வேண்டும் என்று பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்ப்பது இங்கே பெரும்பாலோர் செய்வது. வண்டி உட்காராமல் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து, தாங்கும் சக்தி கூடிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். ஆக்சில், பேரிங், சேஸிஸ், டயர், பிரேக் எல்லாம் பழையதுதானே? எதுவும் மாறவில்லை. ஆர்.சி.யில் மொத்த எடையும் காலி எடையும் எழுதியிருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய எடை, பட்டை எத்தனை சேர்த்தாலும் சரி. இன்னொன்றும் உண்டு. பல பிக்கப்புகளில், பின்பக்கம் எவ்வளவு உட்காருகிறது என்பதை வைத்துப் பின்சக்கர பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. பட்டை சேர்த்து வண்டி உட்காராமல் போனால், லோடே இல்லை என்று அந்த வால்வு நினைத்துக்கொண்டு, லோடு இருக்கும்போதும் பின்பிரேக்கைக் குறைத்தே வைக்கும். ஓய்ந்துபோன பட்டையை மாற்றி, கம்பெனி அளவுக்கே கொண்டுவருவதுதான் சரியான வேலை. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யு போல்ட்டை மட்டும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முறுக்கிவிடுங்கள்.

டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நம் வெயிலில் பட்டன் தேயாமலே ரப்பர் வெடிப்பு விட்டுப்போகும். ரீபட்டன் டயரை முன்சக்கரத்தில் மாட்டவே வேண்டாம்.

வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்ப் மாட்டுவதும் அப்படித்தான். பழைய பிக்கப்பின் ஹெட்லைட் வயரும் சுவிட்சும் பெரும்பாலும் 60/55 வாட் பல்புக்கு அளந்து வைத்தவை. 12 வோல்ட்டில் ஒரு 100 வாட் பல்ப் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் 16ஐத் தாண்டும். சுவிட்ச் உருகும், வயர் கருகும். இங்கே குறைந்த செலவில் செய்யக்கூடிய அருமையான மேம்பாடு ஒன்று இருக்கிறது. அதே 60/55 பல்பை வைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தனி வயர் இழுத்து, பழைய சுவிட்சின் சிறு மின்சாரத்திலேயே பல்புக்குப் போகும் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே மாட்டுங்கள். எர்த் வயர் பிடிக்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தமாக்குங்கள். பழைய வயரில் வழியிலேயே வீணான வோல்டேஜ் பல்புக்கு வந்து சேரும், வெளிச்சம் கண்கூடாகக் கூடும். ராத்திரி பைபாஸில் ஓட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை எனக்குத் தெரியவில்லை. பாட்டுக்கும் ஹாரனுக்கும் கண்ட இடத்தில் வயரைக் கிள்ளி முறுக்கி டேப் ஒட்டாதீர்கள்.

கியர்பாக்ஸை இறக்கினால் கிளட்ச் டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பேரிங் மட்டும் பிறகு போனாலும் இறக்கி ஏற்றும் கூலி முழுதாக மறுபடி வரும். சென்னை புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர் எடுக்கலாம். கதவு, கண்ணாடி, டாஷ்போர்டு மாதிரி பாகங்களுக்கு அது நல்ல இடம். பிரேக், ஸ்டியரிங் பாகங்களைப் பழையதில் தேடாதீர்கள்.

காகித வேலையைக் கடைசிக்குத் தள்ளுவதும் தவறு. எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். கடன் முடிந்த வண்டி என்று வாய்ச்சொல்லை நம்பாமல், ஹைப்போதிகேஷன், அதாவது ஃபைனான்ஸ் கடன் பதிவு ஆர்.சி.யிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீக்கவில்லை என்றால் கடன் முடிந்தது என்று ஃபைனான்ஸ் கையெழுத்திட்ட படிவம் 35 கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முன்னால் இரும்பு கார்டு மாட்டுவதும், பாடியை உயர்த்துவதும், ஆர்.சி.யில் இல்லாதபடி வண்டியை மாற்றுவதும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் மாட்டும். நிறம் மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும்.

என் வண்டிக்கு இரண்டாவது முறை பெயின்ட் அடித்தது, பிரேக், ரேடியேட்டர், ஸ்பிரிங் வேலைகள் எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் கழித்துத்தான். ஆர்.சி.யில் இருந்த அதே வெள்ளை. முதல் முறை அடித்த பெயின்ட், சேஸிஸ் வேலைக்காகப் பாடியை இறக்கியபோதே பாழாகியிருந்தது.