வேலை பார்த்துக்கொண்டே டயட்டீஷியன் ஆவது எப்படி: கடைசி ஆறு மாதத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

டயட்டீஷியன், அதாவது உணவியல் நிபுணர் ஆவதற்காகச் சத்துணவு எம்.எஸ்சி. சேரப்போகும் தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "அக்கா, வேலைக்குப் போய்க்கிட்டே படிக்க முடியுமா?" முடியும். நான் அப்படித்தான் படித்தேன். கோவையில் பகலில் கல்லூரி, மாலையில் ஒரு மருத்துவமனையின் டயட் கிச்சன், அதாவது நோயாளிகளுக்குச் சாப்பாடு தயாராகும் சமையலறை. வகுப்பையும் வேலையையும் எப்படிச் சேர்த்து ஓட்டுவது என்றே முதல் வருடம் முழுக்கக் கவலைப்பட்டேன். அதற்கு எப்படியோ வழி பிறந்துவிட்டது. என்னை மூச்சு முட்ட வைத்தது அதற்கப்புறம் வந்த இன்டர்ன்ஷிப்தான். ஆறு மாதம், காலையிலிருந்து மாலை வரை வார்டில் நிற்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் சம்பளம் கிடையாது. சில இடங்களில் நாம்தான் கட்டணம் கட்ட வேண்டும். அந்த நாட்களில் பகுதிநேர வேலைக்கு உடம்பில் தெம்பும் இருக்காது.

அதனால் இந்த விளக்கத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடும் முறையில் எழுதுகிறேன்.

படி 1: எந்தத் தகுதிக்காகப் படிக்கிறீர்கள் என்று பாருங்கள்

நம் நாட்டில் மருத்துவமனைகள் பல காலமாக மதிக்கும் தகுதி ஆர்.டி. எனப்படும் பதிவுபெற்ற டயட்டீஷியன் தகுதி. 1963-இல் தொடங்கிய இந்திய உணவியல் சங்கம், அதாவது ஐ.டி.ஏ., இதற்கான தேர்வை நடத்துகிறது. வழக்கமான பாதை இது: சத்துணவு சார்ந்த பி.எஸ்சி., அதன் மேல் எம்.எஸ்சி. அல்லது முதுநிலை டிப்ளமோ, மருத்துவமனையில் ஆறு மாத இன்டர்ன்ஷிப், பிறகு தேர்வு. எந்த இளநிலைப் பட்டத்துக்கு எந்த வழி பொருந்தும் என்ற விதிகள் சங்கத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். எம்.எஸ்சி. பாடத்திட்டத்திலேயே சில வாரப் பயிற்சி வரும். அதையும் இந்த ஆறு மாதத்தையும் ஒன்றென்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னொரு முக்கியமான மாற்றம். 2021-இல் வந்த இணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டு தொழில்களையும் தனக்குள் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக, சத்துணவு, உணவியல் உள்ளிட்ட படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் புதிய சேர்க்கை இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. சொல்லிவிட்டது. முன்பெல்லாம் முழுநேர வேலையை விடாமல் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்தவர்கள் நிறையப் பேர். அந்தக் கதவு இப்போது மூடியாயிற்று. இனிக் கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்தாக வேண்டும், வேலையைத்தான் பகுதிநேரமாக்கிக்கொள்ள வேண்டும். "ஆன்லைன் டயட்டெடிக்ஸ் எம்.எஸ்சி., இன்றே சேர்ந்தால் தள்ளுபடி" என்று யாராவது அழைத்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

படி 2: வேலைக்கு இடம் விடும் கல்லூரியைத் தேடுங்கள்

கோவை அவினாசிலிங்கம், சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரி என்று பெயர்களைப் பார்த்து விண்ணப்பிப்பது எல்லோரும் செய்வது. வேலை பார்க்கப்போகிறவர்கள் கூடுதலாக மூன்று விஷயங்களை விசாரிக்க வேண்டும்.

முதலாவது, வகுப்பு நேரம். சென்னையில் பல கல்லூரிகள் ஷிஃப்ட் முறையில் நடக்கின்றன. நீங்கள் சேரும் பாடம் மதிய ஷிஃப்டில் இருந்தால் விடியற்காலை வேலை பொருந்தும். காலை ஷிஃப்ட் என்றால் மாலை வேலை. முழுநாள் கல்லூரி என்றால் மாலையும் ஞாயிறும்தான் மிச்சம். இரண்டாவது, லேப் எந்தெந்த நாள், எத்தனை மணிவரை என்பது. டயட்டெடிக்ஸ் பிராக்டிகல் சொன்ன நேரத்தில் முடிவதே இல்லை. சமைத்து, எடை போட்டு, கலோரி கணக்குப் போட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுக் கிளம்ப நாலரை ஆகிவிடும். மூன்றாவது, இன்டர்ன்ஷிப்புக்கு மருத்துவமனையைத் துறையே ஏற்பாடு செய்கிறதா, நாம் தேட வேண்டுமா என்பது. இதைச் சீனியர்களிடம் கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள்.

படி 3: முதலில் ஆறு மாதச் செலவை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுங்கள். இன்டர்ன்ஷிப் காலத்தில் மாதம் எவ்வளவு தேவைப்படும்? அறை வாடகை, சாப்பாடு, பஸ், போன், வெள்ளை கோட், தேர்வுப் புத்தகம். என் கணக்கில் மாதம் 10,000 ரூபாய் வந்தது. ஆறு மாதத்துக்கு 60,000. எம்.எஸ்சி.யில் நான் வேலை பார்க்க முடிந்த மாதங்கள் 18. அப்படியென்றால் மாதம் 3,400 ரூபாய் ஒதுக்கினால் போதும். சம்பளம் 8,500. அன்று மாலையே தபால் நிலையத்தில் ஆர்.டி. கணக்கு தொடங்கினேன். (தொடர் வைப்புக்கும் நம் தகுதிக்கும் ஒரே பெயர் இருப்பதில் எனக்கு அப்போது ஒரு சந்தோஷம்.) உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் கணக்கை இந்த வரிசையில் போடுங்கள்: முதலில் கடைசி ஆறு மாதம், அப்புறம் மாதச் சேமிப்பு, அப்புறம்தான் "எவ்வளவு சம்பளத்துக்கு, எத்தனை மணி நேரம் வேலை" என்ற கேள்வி. இப்படிப் போட்டால், தேவைக்கு மேல் வேலையை ஏற்றுக்கொண்டு படிப்பைக் கெடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணத்துக்குக் கடன், அன்றாடச் செலவுக்கு வேலை என்று பிரித்துக்கொள்வது நல்லது. படிக்கும் காலத்தில் வட்டியை மட்டுமாவது கட்டிவந்தால் பின்னால் பாரம் குறையும்.

படி 4: எந்த வேலை

டியூஷன், கடையில் கணக்கு எழுதுவது, கால் சென்டர் எல்லாமே வேலைதான். வீட்டு நிலைமைக்கு எது கிடைக்கிறதோ அதைச் செய்யுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. பிளஸ் டூ உயிரியல் டியூஷனில் மணிக்கணக்குப்படி பார்த்தால் மருத்துவமனையைவிடக் கூடுதலாகவே வரும்.

ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், மருத்துவமனை டயட் கிச்சனுக்குப் போங்கள். டயட் அசிஸ்டென்ட், கிச்சன் சூப்பர்வைசருக்கு உதவியாள், ட்ரே சரிபார்ப்பவர் என்று ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பெயர். சம்பளம் குறைவு, நாள் முழுக்க நிற்க வேண்டும், உடுப்பில் சாம்பார் வாசனை போகாது. அங்கே கற்றுக்கொண்டதை எந்த வகுப்பும் எனக்குத் தரவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் குறைக்க வேண்டும் என்று பாடத்தில் ஒரு வரி இருக்கும். கிச்சனில் அந்த ஒரு வரி ஒரு பெரிய வேலை. காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டுத் தாளிக்க வேண்டும். அவசரத்தில் சமையல் அண்ணா ஒரு முறை வடிப்பதை விட்டுவிட்டால் சார்ட்டில், அதாவது நோயாளியின் உணவுப் பட்டியலில், எழுதிய எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதே நோயாளியைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் அன்போடு இளநீர் வாங்கி வருவார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லக் கற்றுக்கொண்டது அந்த வார்டு வாசலில்தான்.

இன்னொன்று, அளவு. 100 கிராம் அரிசி வெந்தால் கிட்டத்தட்ட 250 முதல் 300 கிராம் சாதம் வரும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் அரிசிக்கான கணக்கு வேகாத அரிசிக்கானது. புதிதாகச் சார்ட் எழுதுகிறவர்கள் சாதத்தின் எடையை அப்படியே அந்த எண்ணோடு பெருக்கிவிடுவார்கள். கணக்கு இரண்டு மூன்று மடங்கு தப்பிவிடும். தினமும் தட்டில் சாதம் எடை போட்டுக் கை பழகியவர்கள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். மூக்கு வழிக் குழாயில் 200 மில்லி வீதம் நாளைக்கு எட்டு முறை கொடுக்கும் கஞ்சி எவ்வளவு நீர்த்திருக்க வேண்டும், எந்த வலையில் வடிகட்டினால் குழாய் அடைக்காது என்பதும் கைப்பழக்கத்தில்தான் வரும்.

ஒரு வேலையை மட்டும் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். படிக்கும்போதே இன்ஸ்டாகிராமில் டயட் பிளான் விற்காதீர்கள். பணம் வேகமாக வரும், உண்மைதான். ஆனால் எதிரே இருப்பவர் இன்சுலின் போடுகிறாரா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாமல் சாதத்தைக் குறைக்கச் சொன்னால் அவர் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழலாம். படித்து முடிக்கும்வரை "டயட்டீஷியன்" என்று போட்டுக்கொள்ளவும் வேண்டாம். "மாணவி" என்று சொல்லுங்கள்.

படி 5: சேரும் முன்பே இரண்டு பக்கமும் பேசிவிடுங்கள்

துறைத் தலைவரிடம் மறைக்காதீர்கள். "மேடம், நான் மாலையில் வேலைக்குப் போகிறேன், லேப் நாளில் போக மாட்டேன்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டால், பின்னால் ஒரு நாள் தாமதமாக வந்தாலும் புரிந்துகொள்வார்கள். ஹாஸ்டலில் இருந்தால் வார்டனிடம் வேலையிடக் கடிதம் கொடுத்து இரவு நுழைவு நேரத்துக்கு எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் பாருங்கள். இரவு உணவு ட்ரே ஏழு மணிக்குப் போய், காலி ட்ரே திரும்பி வந்து கணக்கு முடிய எட்டரை ஆகும்.

வேலையிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: செமஸ்டர் தேர்வு வாரங்களில் விடுப்பு உண்டா, ஆள் வராத நாளில் நாம் நின்றாக வேண்டுமா, சம்பளம் எந்தத் தேதி. இதில் இரண்டாவதைக் கேட்காமல் விட்டதால்தான் நான் மாட்டிக்கொண்டேன். மூன்றாம் செமஸ்டரில் கூட வேலை பார்த்த ஒருவர் திடீரென நின்றுவிட, அவருடைய மதிய ஷிஃப்டையும் "ஒரு வாரம் மட்டும்" என்று என்னிடம் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரம் ஐந்து வாரமாக நீண்டது. 75 சதவீதம் வேண்டிய அட்டெண்டன்ஸ் 68-க்கு இறங்கியது. கல்லூரியில் அபராதம் கட்டி, அம்மாவை அழைத்துவந்து, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் தேர்வு எழுதினேன். அன்று அம்மா வரவேற்பறை நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. "கூடுதல் ஷிஃப்ட் என்றால் வகுப்பு இல்லாத நாளில் மட்டும்" என்று வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிவிடுங்கள்.

படி 6: வாரத்தை அமைப்பது

வாரத்துக்கு 18 முதல் 20 மணி நேரம். அதற்கு மேல் போனால் படிப்பு நிச்சயம் அடிவாங்கும். என் வாரம் இப்படி இருந்தது: திங்கள், செவ்வாய், வியாழன் மாலை ஐந்து முதல் எட்டரை, ஞாயிறு காலை ஆறு முதல் மதியம் இரண்டு. புதனும் வெள்ளியும் லேப், அதனால் வேலை கிடையாது. சனிக்கிழமை முழுக்கப் படிப்புக்கும் துணி துவைப்பதற்கும். பஸ்ஸில் போகும் நாற்பது நிமிடத்தில் உயிர்வேதியியல் குறிப்புகளைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு கேட்டேன். வேலைக்குக் கிளம்பும் முன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஊருக்கெல்லாம் சாப்பாடு அளந்து கொடுத்துவிட்டுப் பட்டினியாக வீடு திரும்பும் டயட் கிச்சன் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

படி 7: புராஜெக்டை வேலையிடத்தோடு இணையுங்கள்

இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கு எல்லோரும் கடைசி நேரத்தில் ஏதோ சத்துமாவு பிஸ்கட் செய்வார்கள். நீங்கள் கிச்சனில் இருப்பதால் உங்களுக்கு வேறு வழி உண்டு. திரும்பி வரும் ட்ரேயில் மிச்சமிருப்பதை எடை போடுவது நல்ல ஆய்வு. உப்பில்லா உணவு எவ்வளவு வீணாகிறது, எந்தக் காய் அப்படியே திரும்புகிறது, எந்த நாள் நோயாளிகள் நன்றாகச் சாப்பிட்டார்கள் என்று பார்க்கலாம். தராசும் ட்ரேயும் அங்கேயே இருக்கின்றன, நீங்களும் அங்கேதான் இருக்கிறீர்கள். ஆனால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி வாங்காமல் ஒரு எண்ணைக்கூட எழுதாதீர்கள். அனுமதி கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம், அதனால் இரண்டாம் செமஸ்டர் விடுமுறையிலேயே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

படி 8: இன்டர்ன்ஷிப்புக்கு மாறும் மாதம்

நான்காம் செமஸ்டர் தொடங்கியதும் மருத்துவமனைகளுக்கு விண்ணப்பம் அனுப்ப ஆரம்பியுங்கள். ஆர்.டி. தேர்வுக்கு அந்த மருத்துவமனையின் பயிற்சி செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். எந்தெந்த வார்டில் எத்தனை வாரம், யார் மேற்பார்வை, கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள். நீங்கள் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே பயிற்சியும் கிடைத்தால் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: பயிற்சி நேரத்தில் உங்களைக் கிச்சன் ஆளாக நிறுத்தக் கூடாது. ஆள் பற்றாக்குறை வரும்போது முதலில் அவர்கள் கண் படுவது பழகிய முகத்தின் மேல்தான். வார்டு ரவுண்ட்ஸ் போக வேண்டிய காலையில் ட்ரே தள்ளிக்கொண்டிருந்தால் ஆறு மாதம் வீண்.

வேலையை விடும்போது ஒரு மாதம் முன்பே சொல்லி, புதிதாக வருகிறவருக்கு எல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அனுபவக் கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, வாரம் எத்தனை மணி, என்னென்ன வேலை என்று குறிப்பிடச் சொல்லுங்கள். நான் கிளம்பும்போது ஞாயிறு காலை ஷிஃப்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், சரி என்றார்கள். அந்த நாலு ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம் மாத பஸ் பாஸுக்கும் போனுக்கும் போதுமானதாக இருந்தது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தபால் நிலையத்தில் போட்ட பணம் இருந்தது.