புகார் கொடுத்தும் ஏன் நடவடிக்கை இல்லை? தண்ணீர், புகை, பூச்சிமருந்து விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

குழாயில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. வீட்டில் கிடக்கும் கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் அதைப் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸில் போய் நிற்கிறோம். மனு எழுதிக் கொடுக்கக் கூடப் போனபோதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பாட்டிலை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

மாதிரி எடுப்பதில்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம். கிருமிப் பரிசோதனைக்கான பாட்டிலை ஆய்வகமே சுத்திகரித்துத் தரும். தண்ணீரிலுள்ள குளோரினை முறிக்க அதற்குள் கொஞ்சம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். நல்லது செய்வதாக நினைத்து அதை அலசிவிட்டால் மருந்து போய்விடும். ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் குளோரின் கிருமியைக் கொன்றுவிடும், அறிக்கையும் ‘குறையில்லை’ என்று வந்துவிடும். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, பாட்டில் வாயில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். உப்பு, நைட்ரேட் பார்ப்பதற்கு வேறு கேன். அதை அதே தண்ணீரால் நன்றாக அலசலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) காட்டும் மீட்டரை மட்டும் நம்புவது இன்னொரு தவறு. டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, 45தான் எல்லை. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிற வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நைட்ரேட் எவ்வளவு, கிருமி உண்டா என்று அந்த மீட்டர் சொல்லாது.

சரி, மனுவை யாரிடம் கொடுப்பது? மேல்நிலைத் தொட்டி, குளோரின், உடைந்த குழாய் எல்லாம் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும் பார்க்க வேண்டியவை. ஆலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். 1974ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டப்படி, ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, முறைப்படி முத்திரையிட்டு வாரிய அதிகாரி எடுக்கும் மாதிரிதான் வழக்கில் நிற்கும். அதனால் ‘நடவடிக்கை எடுக்கவும்’ என்று மொட்டையாக எழுதாமல், எந்த ஓடையில், எந்தெந்தத் தேதியில், இரவு எத்தனை மணிக்குத் திறந்துவிடுகிறார்கள் என்று எழுதி, அந்த நேரத்தில் வந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். சாயக் கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் வருடக்கணக்கில் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு அதற்குப் பிறகு வந்ததுதான்.

மனு எண்ணை வைத்துக்கொண்டு சும்மா காத்திருப்பதும் ஆபத்து. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். இழப்பீடு கேட்க மட்டும் ஐந்து வருடம் வரை உண்டு.

புகைக்கு வருவோம். போனில் தெரியும் காற்றுத்தர எண் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்துடையதாக இருக்கலாம். அதுவும் பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. விடியற்காலை மூன்று மணிக்கு உங்கள் தெருவில் இறங்கும் பாய்லர் புகை அதில் தெரியாது. நேரம், காற்றடித்த திசை, மாடிக் கொடியில் படிந்த கரியின் படம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். குப்பை எரிப்பு என்றால் நகராட்சி அல்லது ஊராட்சியிடமே போகலாம்.

பூச்சிமருந்தில் எனக்கு அதிகம் கவலை தருவது டப்பாவிலுள்ள முக்கோணம். சிவப்பு என்றால் ‘வீரியமான மருந்து, பூச்சி உடனே சாகும்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்த நிறம் மனிதருக்கு எவ்வளவு விஷம் என்பதற்கான அடையாளம். சிவப்புக்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சையும் விஷம்தான். பக்கத்துக் காட்டில் அடித்த மருந்து கிணற்றிலோ மாட்டுத் தீவனத்திலோ விழுந்தால், முதலில் அந்த டப்பாவின் லேபிளைப் படமெடுங்கள். யாருக்காவது மயக்கம் வந்தால் டாக்டர் கேட்பதும் அதைத்தான். போலி மருந்து என்று சந்தேகம் வந்தால் பில், பேட்ச் எண்ணுடன் வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். அப்புறம், காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ள வைத்துக்கொள்ளவே கூடாது.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 தண்ணீர் தினமும் அதில் ஒன்று. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடுகிறோம். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை அங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டும்வரை உட்கார்ந்திருங்கள்.