எலக்ட்ரானிக் ஷாக் உள்ள காரில் லோயரிங் ஸ்பிரிங் மாட்டுவது எப்படி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டாஷ்போர்டில் ‘கம்ஃபர்ட்’, ‘ஸ்போர்ட்’ என்று பொத்தான் இருந்தால் வண்டியின் உயரமும் அதில் மாறும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் இல்லாத பெரும்பாலான கார்களில் மாறாது. ஷாக் அப்சார்பருக்குள் ஆயில் ஓடும் வழியை மின்வால்வு ஒன்று குறுக்கும், அகட்டும். பொத்தானின் வேலை அவ்வளவுதான். வண்டியின் எடையைத் தாங்கி நிற்பது ஸ்பிரிங். எனவே வண்டியைத் தாழ்த்த மாற்ற வேண்டியதும் ஸ்பிரிங்கைத்தான்; கம்பெனி ஷாக் அப்படியே இருக்கட்டும்.

நான் வேலை செய்தது டிசிசி (ஸ்கோடாவில் எலக்ட்ரானிக் ஷாக்குக்கு வைத்திருக்கும் பெயர்) உள்ள ஸ்கோடா. மற்ற கார்களில் போல்ட்டுகளின் இடம் மாறலாம். வரிசை பெரிதாக மாறாது.

எவ்வளவு தாழ்த்துவது?

25 மி.மீ. போதும். இணையத்தில் 40, 50 என்று ஆசை காட்டுவார்கள். தாழ்த்திய ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஷாக் அழுந்துவதற்கு இருக்கும் இடத்திலிருந்துதான் கழிகிறது. வால்வை இயக்கும் கணினியும் பழைய ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. மிக விறைப்பான ஸ்பிரிங் போட்டால் ‘கம்ஃபர்ட்’டில் வண்டி துள்ளிக்கொண்டே போகும். ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற கம்பெனிகளின் பட்டியலில் உங்கள் மாடலையும், எலக்ட்ரானிக் ஷாக்குக்குப் பொருந்துமா என்பதையும் பார்த்து வாங்குங்கள். பழைய ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை அறுத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடவே விடாதீர்கள்.

இன்னொரு காரணம் நம் ஊர். இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை சந்துகளில் ராவோடு ராவாக சிமென்ட் குழைத்துப் போட்ட மேடுகளுக்கு இந்த அளவெல்லாம் தெரியாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அழுத்திய பள்ளங்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கருவிகள்

ஜாக்கியோடு ஸ்டாண்டு கட்டாயம். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரசர், காரின் கணினியோடு பேசும் ஸ்கேனர் ஆகியவையும் வேண்டும். கொக்கி மாட்டும் மலிவு கம்ப்ரசர் எனக்குப் பிடிக்காது. அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் தாடையைப் பெயர்த்துவிடும். முன் ஷாக்கை ஸ்பிரிங்கோடு கழற்றி, மேசையில் பொருத்திய கம்ப்ரசர் உள்ள பட்டறைக்கு எடுத்துப் போய் ஸ்பிரிங்கை மாற்றி வாங்கிவருவதே நல்லது. கடற்காற்று படும் பகுதிகளில் போல்ட்டுகள் துருவில் ஒட்டிப்போயிருக்கும். முந்தைய நாள் இரவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள்.

பின்பக்கம்

பல கார்களில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கியை முட்டுக்கொடுத்து, போல்ட்டைக் கழற்றி, மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். ஆனால் இறக்கும் முன் நில்லுங்கள்.

அந்த ஆர்மை ஒட்டி விரல் நீளத்தில் ஒரு குச்சி தெரியும். அதுதான் வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கணினிக்குச் சொல்லும் உயர சென்சாரின் இணைப்பு. கழற்றாமல் ஆர்மை இறக்கினால் சென்சாரின் கை எல்லை மீறித் திரும்பும். உடையலாம், அல்லது எதிர்ப்பக்கம் மடங்கிக்கொண்டு தவறான உயரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டாவதுதான் ஆளைச் சுற்றவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை மட்டும் அணையாது. ஷாக் போய்விட்டது என்று விலை கேட்கக் கிளம்பும் முன் சென்சாரின் கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். கழற்றும் முன் நான்கு சக்கரத்தின் பக்கமும் படம் எடுத்து வைத்தால் இந்த அலைச்சலே இல்லை.

ஷாக்கின் வயரைப் பிடுங்கும்போது சாவி அணைந்திருக்க வேண்டும். ஷாக்கை வயரில் தொங்கவிடாதீர்கள்.

முன்பக்கம்

லிங்க் ராடு, ஏபிஎஸ் வயர், பிரேக் ஹோஸ் பிடிப்பு ஆகியவற்றை விடுவித்தால் ஷாக் வெளியே வரும். மேல் நட்டில் இம்பாக்ட் கன் (அதிரடியாகச் சுழற்றிக் கழற்றும் இயந்திரம்) வைக்கக் கூடாது. என் வண்டியில் வால்வு பக்கவாட்டில் இருக்கிறது. சில கார்களில் வயர் நடுத்தண்டின் உச்சி வழியாகவே போகும். தண்டு சுழன்றால் வயர் முறுக்கி அறுந்துவிடும். தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு கையால் கழற்றுங்கள். புது ஸ்பிரிங்கின் நுனி ரப்பர் இருக்கையின் படியில் போய் முட்டி நிற்க வேண்டும். ஷாக் முழுதாக அழுந்தும்போது முட்டி நிற்கும் பம்ப் ஸ்டாப்பை, ஸ்பிரிங்கோடு வந்த குறிப்பில் வெட்டச் சொல்லியிருந்தால் மட்டும் வெட்டுங்கள்.

இறுக்குவது

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்காதீர்கள். வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவை உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். டார்க்கோடு கோணமும் குறித்திருக்கும் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் புதியதைத்தான் போடச் சொல்லியிருப்பார்கள்.

சென்சாருக்குப் புது உயரம் கற்பித்தல்

சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, ஆள், சாமான் எதுவும் இல்லாமல் ஸ்கேனரில் அடிப்படை அமைப்பைச் செய்யுங்கள். விசிடிஎஸ், ஓபிடி லெவன் என்ற இரண்டு ஸ்கேனர்களில் எனக்கு விசிடிஎஸ்தான் பிடிக்கும். இதைச் செய்யாவிட்டால் வண்டி நிரந்தரமாகப் பாரம் ஏற்றியிருப்பதாகக் கணினி எண்ணிக்கொள்ளும். அதோடு வீல் அலைன்மென்ட். சில நூறு கி.மீ. ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள். விட்டால் டயரின் உள்விளிம்பு தேயும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஆர்டிஓவிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேளுங்கள். திரும்ப மாட்ட வேண்டி வரலாம், பழைய ஸ்பிரிங்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த பெரம்பூர் வாசகர் ஒருவர், இரவில் ஹெட்லைட் பத்தடிக்கு மேல் எட்டவில்லை என்று எழுதியிருந்தார். அவருடைய காரில் விளக்கின் கோணத்தைத் திருத்துவதும் அதே பின்பக்க சென்சார்தான். டிக்கியில் மூட்டை இருப்பதாக நினைத்து விளக்கைத் தரையைப் பார்க்க வைத்துவிட்டது. ஷாக்குக்குச் செய்த அமைப்பு விளக்குக்குச் சேராது. ஸ்கேனரில் ஹெட்லைட் பகுதிக்குள் போய்த் தனியாக இன்னொரு முறை செய்ய வேண்டும்.